பெலிலீம்: தீர்ப்புக்கும் மன்றாட்டுக்கும் நடுவே ஓர் எபிரேயச் சொல்

பெலிலீம் என்பது எபிரேய விவிலியத்தில் மூன்றே இடங்களில் வரும் அரிய சொல். நடுவர்கள், தீர்ப்பாளர்கள், மதிப்பீடு என்று பலவாறாக இதற்குப் பொருள் சொல்லப்படுகிறது. ப-ல-ல் என்ற மூன்று மெய்யெழுத்துகளைக் கொண்ட வேரிலிருந்து இது பிறந்தது. இதே வேரிலிருந்துதான் எபிரேயத்தில் ‘வேண்டுதல் செய்’ என்ற வினையும் (ஹித்பல்லேல்), ‘வேண்டுதல்’ என்ற பெயரும் (தெஃபில்லா) வந்தன. வேண்டுதலைக் குறிக்கும் சொற்கள் விவிலியத்தில் ஏராளம். தீர்ப்பைக் குறிக்கும் வடிவங்களோ எல்லாம் சேர்த்துப் பத்துதான். ஒரே வேர் தெய்வத்தின் தீர்ப்பையும் தெய்வத்திடம் கேட்கும் மன்றாட்டையும் எப்படிக் குறிக்க முடியும் என்பது இருபது நூற்றாண்டுகளுக்கும் மேலாக மொழிபெயர்ப்பாளர்களை அலைக்கழித்த கேள்வி. தமிழுக்கும் அந்தக் கேள்வி வந்தது.

சொல் வரும் இடங்கள்

பெயர்ச்சொல் வடிவங்கள் ஆறு. யாத்திராகமம் 21:22, உபாகமம் 32:31, யோபு 31:11 ஆகியவற்றில் பெலிலீம். யோபு 31:28-இல் பெலீலி. ஏசாயா 16:3-இல் பெலிலா. ஏசாயா 28:7-இல் பெலிலியா. வினை வடிவமாகிய ‘பில்லேல்’ நான்கு இடங்களில் மட்டும் வருகிறது: ஆதியாகமம் 48:11, 1 சாமுவேல் 2:25, சங்கீதம் 106:30, எசேக்கியேல் 16:52.

தீர்ப்பு என்பதற்கு எபிரேயத்தில் வழக்கமான சொற்கள் வேறு இருக்கின்றன என்பதை மாணவர்கள் முதலில் கவனிக்க வேண்டும். ‘ஷாஃபத்’ என்ற வினையும் அதன் வழிவந்த ‘மிஷ்பாத்’ என்ற பெயரும் பொதுவானவை. ‘தீன்’ என்பது இன்னொன்று. தாண், தீனாள், தானியேல் ஆகிய பெயர்களில் இருப்பது இந்தத் ‘தீன்’தான். இத்தனை சொற்கள் கையில் இருக்கும்போது எழுதியவர் பெலிலீமைத் தேடி எடுத்தார் என்றால் அதற்கென்று ஒரு தனிச் சாயல் இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சாயல் மிகத் தெளிவாகத் தெரிவது யாத்திராகமத்துச் சட்டத்தில். இருவர் சண்டையிடும்போது கர்ப்பிணி ஒருத்திமீது அடிபட்டுக் கரு வெளிப்பட்டுவிடுகிறது. அவளுக்கு வேறு சேதம் இல்லை. அடித்தவன் அபராதம் கட்ட வேண்டும். எவ்வளவு? கணவன் கேட்கிறபடி என்று சட்டம் முதலில் சொல்கிறது. அதோடு ‘பிப்லிலீம்’ என்றும் ஒரு சொல்லைச் சேர்க்கிறது. ‘பெலிலீமைக் கொண்டு’ என்று அதைப் பிரிக்கலாம். பெலிலீம் நடுவர்கள் என்றால் கணவன் கேட்கும் தொகைக்கு அவர்கள் வரம்பு வைக்கிறார்கள். பெலிலீம் மதிப்பீடு என்றால் இழப்பை அளந்து தொகை குறிக்கப்படுகிறது. கிறிஸ்துவுக்கு முன்பே செய்யப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பு மதிப்பீடு என்ற பக்கம் சாய்ந்தது. ஜெரோமின் லத்தீன் நடுவர்கள் என்றது. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பில் அவர்கள் நியாயாதிபதிகள். 1963-இல் ஈ. ஏ. ஸ்பைசர் என்ற அறிஞர் இந்த வேரின் அடிப்படைப் பொருளே மதிப்பிடுதல்தான் என்று வாதிட்டார்.

ஓசூர்ப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்குவது எளிது. தொழிற்சாலையில் விரல் போனால், உயிர் போனால், குடும்பத்தார் கேட்கும் தொகை ஒன்று, முதலாளி கொடுக்க நினைக்கும் தொகை இன்னொன்று. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இரண்டையும் ஒதுக்கிவிட்டு ஒரு கணக்கை வைத்தது. மரணம் என்றால் மாத ஊதியத்தில் 50 சதவீதம், நிரந்தர முழு ஊனம் என்றால் 60 சதவீதம்; அதை வயதுக்கேற்ற ஒரு காரணி எண்ணால் பெருக்க வேண்டும். அங்கே யாரும் யாரையும் குற்றவாளி என்று சொல்வதில்லை. இழப்பு அளக்கப்படுகிறது, ஈடு குறிக்கப்படுகிறது. பெலிலீம் இதற்கு நெருங்கிய சொல்லாக இருக்கலாம். ஆதியாகமத்தில் முதிய யாக்கோபு யோசேப்பிடம், உன் முகத்தைக் காண்பேன் என்று நினைக்கவே இல்லை என்னும் பொருளில் பேசும்போது வருவதும் இதே வினைதான். அங்கே ‘தீர்ப்பளித்தேன்’ என்ற பொருள் பொருந்தவே பொருந்தாது. ‘கணக்கிட்டேன், மதித்தேன்’ என்றால் பொருந்துகிறது. நம்முடைய ‘மதி’ என்ற வினையும் எண்ணுவதையும் விலை குறிப்பதையும் ஒன்றாகச் சுமப்பதைப் பார்க்கலாம்.

ஏலியின் கேள்வி

இந்த வேரின் இரண்டு பக்கங்களும் ஒரே வசனத்தில் சந்திக்கும் இடம் 1 சாமுவேல் 2:25. சீலோவில் இருந்த ஆலயத்தின் ஆசாரியன் ஏலி முதுமையில் தளர்ந்துவிட்டான். அவன் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் பலி செலுத்த வரும் மக்களின் இறைச்சியைப் பறித்து அட்டூழியம் செய்கிறார்கள். ஏலி அவர்களைக் கண்டிக்கிறான். மனிதனுக்கு எதிராக மனிதன் தவறு செய்தால் ‘எலோஹீம்’ அதை பில்லேல் செய்வார். கர்த்தருக்கே எதிராகத் தவறு செய்தால் அவனுக்காக யார் ஹித்பல்லேல் செய்வது? இதுதான் அவன் கேள்வியின் சாரம்.

இதில் சிக்கல் இரட்டிப்பு. எலோஹீம் என்றால் கடவுள். சில இடங்களில் நீதி வழங்கும் தலைவர்கள் என்றும் அச்சொல்லைப் பழைய உரையாசிரியர்கள் கொண்டார்கள். ஆகவே முதற்பகுதியில் தீர்ப்பது கடவுளா, ஊர் நடுவர்களா? தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு நியாயாதிபதிகள் என்று எடுத்தது. இரண்டாம் பகுதிக்கு விண்ணப்பம் என்ற சொல்லைப் போட்டது. இக்கால மொழிபெயர்ப்புகள் பலவும் முதற்பகுதியில் கடவுளையே நடுவராக வைக்கின்றன. அப்படி வைத்தால் ஏலியின் வாதம் கூர்மையாகிறது. இரண்டு மனிதர் வழக்கில் மூன்றாமவராக நின்று தீர்த்துவைக்கக் கடவுள் இருக்கிறார். கடவுளே வழக்காடும் தரப்பாகிவிட்டால் நடுவே நிற்க மூன்றாமவர் ஏது? தண்டனை பெரியது என்பதைவிட, பேசித் தீர்க்க ஆளில்லை என்பதே அந்த முதியவனின் அச்சம்.

தமிழில் ‘நியாயாதிபதி, விண்ணப்பம்’ என்று இரண்டு வேறு சொற்கள் வந்துவிடுவதால் இந்தச் சிலேடை வாசகருக்குத் தெரியாமல் போகிறது. மொழிபெயர்ப்பாளர்மீது குற்றமில்லை, ஒரே வேரில் இரண்டையும் சொல்ல எந்த மொழிக்கும் எளிதில் வாய்க்காது. (தமிழுக்கு வாய்த்திருக்கக்கூடும் என்பதைப் பின்னர் பார்ப்போம்.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதற்கு முந்தைய அதிகாரத்தில்தான் பிள்ளையில்லாத அன்னாள் சீலோவில் வந்து வேண்டுகிறாள். அங்கும் வினை ஹித்பல்லேல். அவள் உதடு மட்டும் அசைவதைக் கண்ட ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டுகிறான். வேண்டுபவளைத் தவறாக மதிப்பிட்ட அதே வாய்தான் அடுத்த அதிகாரத்தில் மதிப்பீட்டையும் வேண்டுதலையும் பற்றிப் பேசுகிறது. ஏசாயா 28:7-இல் மதுவால் மயங்கிய ஆசாரியர்கள் பெலிலியாவில், அதாவது தீர்ப்புச் சொல்வதில், தடுமாறுகிறார்கள் என்ற கண்டனம் வருவதையும் இதோடு சேர்த்து வாசிக்கலாம்.

பினெகாஸ் செய்தது என்ன?

ஏலியின் மகன் பினெகாஸ் வேறு, இங்கே சொல்லப்போகும் பினெகாஸ் வேறு. இவன் ஆரோனின் பேரன். எண்ணாகமம் 25-ஆம் அதிகாரத்தின்படி, சித்தீமில் இஸ்ரவேலர் மோவாபியப் பெண்களோடு கூடிப் பாகால்பேயோரை வணங்க, கொள்ளைநோய் பரவி 24,000 பேர் இறக்கிறார்கள். சிம்ரி என்ற தலைவன் மீதியானியப் பெண் கஸ்பியைக் கூடாரத்துக்கு அழைத்துச் செல்ல, பினெகாஸ் பின்தொடர்ந்து போய் இருவரையும் ஈட்டியால் குத்திக் கொல்கிறான். நோய் நிற்கிறது.

சங்கீதம் 106 இந்த நிகழ்ச்சியை நினைவுகூரும்போது ஈட்டியைச் சொல்லவில்லை. பினெகாஸ் எழுந்து நின்று ‘பில்லேல்’ செய்தான், வாதை நின்றது என்று முடித்துக்கொள்கிறது. இந்த ஒரு வினையை மொழிபெயர்ப்பாளர்கள் என்னென்ன செய்தார்கள் என்பது ஒரு தனி வரலாறு. கிரேக்கம் அவன் பரிகாரம் செய்தான், சாந்தப்படுத்தினான் என்ற பொருளைத் தந்தது. ஜெரோம் கிரேக்கத்தைப் பின்பற்றித் திருத்திய லத்தீன் சங்கீதங்களில் ‘சாந்தப்படுத்தினான்’ என்று எழுதினார். பின்னர் எபிரேயத்திலிருந்தே நேராக மொழிபெயர்த்தபோது ‘தீர்ப்பளித்தான்’ என்று மாற்றிக்கொண்டார். ஒரே மனிதர், ஒரே சொல், இரண்டு முடிவுகள். மார்ட்டின் லூதர் ஜெர்மனில் ‘வழக்கைத் தீர்த்துவைத்தான்’ என்றார். இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலில் உள்ள சங்கீதங்களில் பினெகாஸ் ‘வேண்டுதல் செய்தான்’. அதே இங்கிலாந்தில் 1611-இல் வந்த மொழிபெயர்ப்பில் அவன் தீர்ப்பை நிறைவேற்றுகிறான். தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பில் அவன் நியாயஞ்செய்கிறான். தெலுங்குப் பழைய மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் இருப்பது ‘பரிகாரம்’ என்ற சொல்.

இது வெறும் அகராதிச் சண்டை அன்று. பினெகாஸ் தீர்ப்பளித்தான் என்றால், விசாரணையின்றி ஒருவன் ஈட்டியை எடுத்து இருவரைக் கொன்றதற்குத் தெய்வ நீதி என்று பெயர் கிடைத்துவிடுகிறது. வரலாற்றில் மதத்தின் பேரால் ஆயுதம் எடுத்தவர்கள் சிலர் பினெகாசின் பெயரை உதாரணம் காட்டியதும் உண்டு. வேண்டுதல் செய்தான், நடுவே நின்றான் என்றால், சங்கீதக்காரர் அந்த இரத்தத்தைத் தாண்டி வேறொன்றை நினைவில் வைக்க விரும்பினார் என்று கொள்ள வேண்டும். பாபிலோனியத் தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதியில் யூத ஆசிரியர்கள் இதைக் கூர்ந்து கவனித்தார்கள். ‘ஹித்பல்லேல்’ என்று எழுதாமல் ‘பில்லேல்’ என்று எழுதியது ஏன் என்று கேட்டு, பினெகாஸ் தன்னைப் படைத்தவரோடேயே வழக்காடினான் என்று விளக்கம் சொன்னார்கள். இருபத்து நாலாயிரம் பேர் சாக வேண்டுமா என்று நியாயம் கேட்டானாம். என் பார்வையில், மேலே சொன்ன மொழிபெயர்ப்புகள் எல்லாவற்றையும்விட இந்த விளக்கமே வினையின் இரண்டு பக்கங்களையும் விடாமல் பிடித்திருக்கிறது. கொலையை அது நியாயப்படுத்திவிடுகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு அந்தச் சொல்லிலிருந்து விடை எடுக்க முடியாது.

வேர் எங்கிருந்து?

ஹித்பல்லேல் என்ற வடிவத்தை இலக்கணவழியாக விளக்குவது ஓரளவு எளிது. ‘ஹானன்’ என்றால் தயவு காட்டு; ‘ஹித்ஹன்னேன்’ என்றால் தனக்குத் தயவு காட்டும்படி கேள். அதே முறையில் பில்லேல் என்றால் தீர்த்துவை, மதிப்பிடு. ஹித்பல்லேல் என்றால் தன் வழக்கை மதிப்பிட்டுத் தீர்த்துவைக்கும்படி கேள். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய ரபி சாம்சன் ரஃபாயேல் ஹிர்ஷ் (1808–1888) இதை வேறு விதமாகத் திருப்பினார். வடிவம் தற்சுட்டாக இருப்பதால், தன்னைத்தானே தீர்ப்புக்கு உட்படுத்திக்கொள்வதே வேண்டுதல் என்றார். அழகான கருத்து, ஆனால் அன்னாளின் அழுகையோடு அது ஒட்டுவதாகத் தெரியவில்லை. வெல்ஹவுசன் முதலியோர் அரபியில் ‘வாள்முனையில் வெட்டு விழச்செய்’ என்ற வினையை ஒப்பிட்டு, உடலைக் கீறிக்கொண்டு வேண்டிய பழைய வழக்கம்தான் இதன் மூலம் என்றார்கள். இதை இன்று ஏற்பவர்கள் குறைவு.

தமிழுக்கு வந்தபோது

சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். புதிய ஏற்பாட்டை அச்சிட்டபின் பழைய ஏற்பாட்டைத் தொடங்கி, ரூத் புத்தகம் வரை முடித்து, 1719-இல் இறந்தார். ரூத்துக்கு அடுத்தது 1 சாமுவேல். ஆக, ஏலியின் கேள்விக்கு ஒரு பக்கம் முன்னால் அவருடைய பேனா நின்றுவிட்டது. யாத்திராகமத்துப் பெலிலீமைத் தமிழில் முதலில் எதிர்கொண்டவர் அவர். பினெகாசின் சங்கீதத்தையும் ஏலியின் கேள்வியையும் எதிர்கொண்டவர் பெஞ்சமின் சூல்ச். பழைய ஏற்பாடு முழுவதும் 1728-க்குள் அச்சாகிவிட்டது. பின்னர் சென்னைக்குப் போன சூல்ச் தெலுங்கிலும் விவிலியத்தை மொழிபெயர்த்தார், அது அச்சேறவில்லை.

அடுத்தவர் ஃபப்ரீசியஸ் (1711–1791). 1740-இல் இந்தியா வந்து சென்னையில் வாழ்நாளைக் கழித்தவர். அவர் மொழிபெயர்ப்பின் நடை பல தலைமுறைக்குத் தமிழ்க் கிறிஸ்தவரின் காதில் நின்றது. பண விவகாரத்தில் சிக்கிக் கடனுக்காகச் சிறைக்குப் போனவரும் அவர்தான். நியாயஸ்தலம், தீர்ப்பு, ஈடு என்ற சொற்களை அகராதியில் மட்டும் அறிந்தவர் அல்லர். பின்னர் யாழ்ப்பாணத்தில் பெர்சிவலும் ஆறுமுக நாவலரும் உழைத்த மொழிபெயர்ப்பு 1850-இல் வந்தது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளியானதே இன்று ‘பழைய மொழிபெயர்ப்பு’ என்று வழங்குவது.

இதில் ஷாஃபத் வழிவந்த ‘ஷோஃபெதீம்’ என்பதற்கும் பெலிலீம் என்பதற்கும் நியாயாதிபதிகள் என்ற ஒரே சொல்தான். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ஷோஃபெதீம் புத்தகத்துக்கு ‘நீதித் தலைவர்கள்’ என்று பெயர் வைத்தது.

‘தீர்ப்பு’ என்ற தமிழ்ச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ‘தீர்’ என்பது முடிவதையும் முடிப்பதையும் குறிப்பது. நோய் தீரும், கடன் தீரும், ஐயம் தீரும், வழக்கும் தீரும். பினெகாஸ் பில்லேல் செய்ததும் கொள்ளைநோய் நின்றது என்ற வசனத்துக்குத் தமிழில் ‘தீர்த்தான்’ என்ற ஒற்றை வினை எவ்வளவு இயல்பாகப் பொருந்தும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மன்றும் மன்றாட்டும்

தமிழில் ஒரே வேரில் இரண்டையும் சொல்லும் வாய்ப்பு உண்டு என்று மேலே குறித்தேன். அது ‘மன்று’. மன்று, மன்றம் என்பன பழந்தமிழில் ஊர்ப் பொதுவிடத்தைக் குறித்தவை. மரத்தடியில் ஊரார் கூடி வழக்குத் தீர்த்த இடமும் அதுதான். நீதிமன்றம் என்ற இன்றைய சொல்லில் அது அப்படியே இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் ‘மன்றுபாடு’ என்ற சொல் சபை விதிக்கும் தண்டத்தைக் குறிக்கிறது. மன்றில் நின்று வழக்காடுவது மன்றாடுதல். அதுவே கெஞ்சிக் கேட்பதாகப் பொருள் விரிந்து மன்றாட்டு ஆயிற்று. கத்தோலிக்கர் வழிபாட்டில் பொது மன்றாட்டு, மன்றாட்டு மாலை என்று இன்றும் நாள்தோறும் சொல்லப்படுவது இதுதான். மன்றுபாடும் மன்றாட்டும் ஒரு தாய் மக்கள். பெலிலீமும் தெஃபில்லாவும் போல. கல்வெட்டுகளில் கோயில் விளக்குக்கு ஆடு பெற்றுக்கொண்ட ‘மன்றாடிகள்’ இடையர்கள். அவர்களை இந்தப் பொருளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நடுவே நிற்பவனுக்கும் நம் கல்வெட்டுகளில் சொல் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) குடவோலை முறையில் ஒரு ‘மத்தியஸ்தன்’ வருகிறான். குடத்திலிருந்து எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் வாங்கி எல்லாரும் அறிய வாசிப்பது அவன் வேலை. விரல் மடங்கினால் ஓலை மாறலாம் என்ற கவலை அந்த விதியில் தெரிகிறது.

எல்லையோரத்துச் சொற்கள்

ஓசூர் என்ற பெயரே கன்னடம்: புதிய ஊர். கிருஷ்ணகிரியைச் சேர்ந்த பாராமகால் பகுதி 1792-இல் திப்புவிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஓசூர்ப் பக்கம் 1799-இல். 1965-இல் தருமபுரி, 2004-இல் கிருஷ்ணகிரி என்று மாவட்டங்கள் மாறினாலும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படுவது மாறவில்லை. தீர்ப்பு என்ற சொல் மூன்று மொழிக்கும் பொது. விண்ணப்பமும் அப்படித்தான்: தெலுங்கில் விந்நபமு, கன்னடத்தில் பின்னஹ, மூன்றும் ‘விஞ்ஞாபனம்’ என்ற வடசொல்லின் வழி வந்தவை. அரசனுக்கு அறிவிப்பதே அதன் பழம்பொருள். சோழர் செப்பேடுகளில் அதிகாரிகள் அரசனிடம் விண்ணப்பம் செய்கிறார்கள். அரசவையிலிருந்து அச்சொல் ஆலயத்துக்குப் போயிற்று. இன்று தாலுகா அலுவலகப் படிவத்தின் தலைப்பிலும் இருக்கிறது.

எபிரேயத்தின் உறவுமொழியான அரபி இந்தப் பகுதிக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. வக்கீல், தாவா, வாய்தா, ஜாமீன், ஜப்தி, ஆஜர், அமீனா ஆகியவை எல்லாம் அரபி மூலம் கொண்டு, பாரசீக ஆட்சிமொழி வழியாகக் கச்சேரிக்குள் நுழைந்தவை. ‘முன்சீப்’ இவற்றில் சுவையானது. அரபியில் ‘நிஸ்ஃப்’ என்றால் பாதி; இரு தரப்புக்கும் சரிபாதியாகப் பகிர்வது ‘இன்சாஃப்’; அதைச் செய்பவர் ‘முன்சிஃப்’. ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜியின் தந்தை சக்கரவர்த்தி வெங்கடார்யன் அந்த ஊர் முன்சீப். சென்னை மாகாணத்தில் கிராம முன்சீப்புகளுக்குச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் 1816-ஆம் ஆண்டு ஒழுங்குவிதியால் கிடைத்தது. இரண்டு பேருக்கு நடுவே பாதியைக் கண்டுபிடிக்கும் அந்த வேலையைத்தான் யாத்திராகமத்துச் சட்டம் பெலிலீமிடம் ஒப்படைத்தது.

இன்றைய இஸ்ரேலில் ‘பிலீலி’ என்றால் குற்றவியல் தொடர்பானது என்று பொருள். ‘தெஃபில்லா’ என்றால் அன்றுபோலவே இன்றும் வேண்டுதல்.